மணிக்குப் படிக்கத் தெரியாது

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். சினிமாவுக்கு இடைவேளையிலேயே எழுதிவிடுகிறார்கள். ஹோட்டல் சாம்பாருக்குக்கூட இப்போது ஸ்டார் போடுகிறார்கள். ஆனால் ஊரே தினமும் கையில் எடுத்து, ஒரு நொடி பார்த்து, கிழித்துப் போடுகிற ஒரு அச்சுப் படைப்புக்கு மட்டும் விமர்சகர் என்று ஒருத்தரும் கிடையாது. மிட்டாய் உறையைச் சொல்கிறேன். பிஸ்கட் உறை. இப்போது புதிதாக, நாய் பிஸ்கட் உறை.

அந்தக் காலி நாற்காலியில் இந்த வாரம் நான் உட்கார்ந்து கொள்கிறேன். தகுதி? விருதுநகர்க்காரன். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமாயணம் மாதிரி. தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அச்சு வந்தது. பிறகு பட்டாசு, அதற்கும் லேபிள். அப்புறம் காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று வளர்ந்து, கடைக்கோடியில் மிட்டாய் உறையும் வந்து சேர்ந்தது.

ஆப்செட் பிரஸ் ஒன்றில் முப்பது வருஷம் மிஷின்மேனாக இருந்தவர் எங்கள் பெரியப்பா. கையில் எப்போதும் மை வாசனை. பி.காம் படிக்கும்போது ஒரு நாள் அவரிடம் பெரிய அறிவாளி மாதிரி மார்க்கெட்டிங் பற்றிப் பேசினேன். மூன்று வருஷப் பாடத்தை மூன்றே வரியில் முடித்துவிட்டார்: "முன்பக்கம் காசு குடுக்கிறவனுக்குடா. பின்பக்கம் ஆபீசருக்கு. திங்கிறவனுக்கு ரெண்டும் கிடையாது, அவன் கிழிச்சுப் போட்டுருவான்."

இதைவிடச் சுருக்கமாக இந்தத் துறைக்கு யாரும் விமர்சனக் கோட்பாடு சொல்லிவிட முடியாது. ஆனால் அது எனக்குப் புரிய 2025 தீபாவளி வரை ஆனது. புரிய வைத்தது மணி.

மணி என் தங்கச்சி வீட்டு நாய். சிப்பிப்பாறை. அந்தப் பெயரில் ஊரே எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. முயல் வேட்டைக்கு வளர்த்த ஜாதி. ஒல்லி உடம்பு, நீளக் கால், பார்க்கிறவர்களுக்கெல்லாம் 'இந்த வீட்டில் சோறு போடுவதில்லையோ' என்று சந்தேகம் வரும். (பக்கத்து ராஜபாளையம் நாய் 2005ல் தபால்தலையிலேயே வந்துவிட்டது. மணிக்கு அந்தப் பாக்கியம் இன்னும் இல்லை.) எடை பதினைந்து கிலோ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குத் தாய்மாமன் வெறுங்கையோடு போக முடியுமா? சென்னையில் ஒரு பெரிய மாலுக்குள் நுழைந்தேன். மருமகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கென்று வெளிநாட்டு டார்க் சாக்லேட் எடுத்தேன். நூறு கிராம். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, எழுபது சதவீத கோகோ. மணிக்கு எலும்பு வடிவத்தில் சிவப்பு பிஸ்கட். பாக்கெட்டில் ஒரு வெள்ளைக்கார நாய் சிரித்துக் கொண்டிருந்தது. இரண்டையும் எடுக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எதைப் பார்த்து எடுத்தேன்? கறுப்பும் தங்கமும் என் அந்தஸ்துக்குப் பொருத்தமாக இருந்தது. சிரிக்கிற நாய் என் மனசுக்கு இதமாக இருந்தது. ஒன்பது வயசுப் பையனுக்குக் கசப்பு பிடிக்குமா என்று யோசிக்கவே இல்லை.

பையன் நல்ல பிள்ளை. எதுவாக இருந்தாலும் பகிர்ந்து தின்ன வேண்டும் என்று நாங்கள்தானே சொல்லி வளர்த்தோம். சாக்லேட்டைச் சரி பாதியாக உடைத்து, ஒரு பாதியை மணிக்குக் கொடுத்துவிட்டான். தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானது எதுவோ அதைக் கொடுத்திருக்கிறான். மாமன் செய்ததும் அதுதானே.

ராத்திரி எட்டு மணிக்குத் தங்கச்சி மாடிக்கு ஓடி வந்தாள். "அண்ணே, மணி ஒரு மாதிரி பண்றாண்ணே. வாந்தி எடுக்கிறான், உக்கார மாட்டேங்கிறான்."

முதலில் எல்லோரும் வெடிச் சத்தம் என்றுதான் நினைத்தோம். தீபாவளிக்கு நாய் நடுங்குவது புதுசா? பையன்தான் மெதுவாக, "நான் சாக்லேட் குடுத்தேன் மாமா" என்றான். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். நல்ல மனிதர், பண்டிகை ராத்திரியில் எடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "உறை இருக்கா?"

இருந்தது. தங்க எழுத்து அழகாக இருந்ததால் பையன் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தான். "திருப்புங்க. கோகோ எத்தனை சதவீதம், மொத்தம் எத்தனை கிராம், படிங்க" என்றார். படித்தேன். வாங்கின பிறகு, அதுவும் பாதி நாயின் வயிற்றுக்குள் போன பிறகு, முதன்முறையாகப் பின்பக்கத்தைப் படித்தேன்.

விஷயம் இதுதான். கோகோவில் தியோபுரோமின் என்று ஒரு சரக்கு. நமக்கு அது ஒன்றும் செய்யாது. நாயின் உடம்பு அதை மெதுவாகத்தான் கரைக்கும்; அதற்குள் அது ரத்தத்தில் சுற்றிச் சுற்றி வந்து இதயத்தையும் நரம்பையும் உலுக்கிவிடும். எழுபது சதவீத டார்க் சாக்லேட் நூறு கிராமில் சுமாராக எண்ணூறு மில்லிகிராம் இருக்கும். மணி தின்றது பாதி, நானூறு. பதினைந்து கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு. இருபதைத் தாண்டினால் வாந்தி, பதற்றம் ஆரம்பம். நாற்பதைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறு. அறுபதுக்கு மேல் வலிப்பு. மணிக்குப் பதிலாக ஐந்து கிலோ பொமரேனியன் ஒன்று அதே பாதியைத் தின்றிருந்தால் கணக்கு எண்பது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்கடை மில்க் சாக்லேட்டில் இந்தச் சரக்கு நாலில் ஒரு பங்குதான். ஐம்பது கிராம் தின்றிருந்தாலும் மணி வாலை ஆட்டிக்கொண்டு இருந்திருப்பான். நான் விலை உயர்ந்ததைத் தேடிப் பிடித்து வாங்கியதுதான் வினை.

டாக்டர் வந்தார், ஊசி போட்டார், கரியைக் கரைத்துக் குடிக்க வைத்தார். விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். பையன் மணியின் பக்கத்திலேயே தூங்கிப் போனான். காலையில் மணி எழுந்து மோர் குடித்தான். குடித்த பிறகுதான் தங்கச்சி என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். முதலில் சாக்லேட் உறை. வடிவமைப்பு அபாரம். கோகோ எந்த நாட்டு மலையில் விளைந்தது என்பதற்கு நாலு வரி. நாய்க்கு ஆகாது என்பதற்கு ஒரு வரி இல்லை. சிகரெட் அட்டை மாதிரி பயமுறுத்தும் படமா கேட்கிறேன்? சின்னதாக ஒரு நாய்ப் படம் போட்டுக் குறுக்கே ஒரு கோடு. மை எவ்வளவு செலவாகிவிடும்?

அடுத்து நாய் பிஸ்கட் உறை. நாய் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நீலமும் மஞ்சளும்தான் அதன் உலகம். அப்படியானால் அந்தச் சிவப்பு யாருக்கு? எலும்பு வடிவம் யாருக்கு? நாய் மோந்து பார்த்துத் தின்கிற ஜீவன், அது வட்டமோ சதுரமோ அதற்கு ஒன்றுதான். முழுப் பாக்கெட்டும் எனக்காகவே அச்சடிக்கப்பட்டிருக்கிறது. பின்பக்கத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. நம் ஊர் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006ல் வந்தது, மனிதன் தின்பதைத்தான் உணவு என்கிறது. விலங்குத் தீவனம் அதில் சேர்த்தி இல்லை. பெரியப்பா சொன்ன ஆபீசர் மிட்டாய் உறைக்கு உண்டு, மணியின் பிஸ்கட் உறைக்குக் கிடையாது. ஆனால் வரி வாங்குகிற ஆபீசர் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பையன் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜி.எஸ்.டி 18லிருந்து 5 ஆகிவிட்டது. மணியின் பிஸ்கட் 18லேயே நிற்கிறது. பி.காம் படித்தவன் இதைச் சொல்லாமல் எப்படித் தாண்டிப் போவது?

தமிழில் இதற்கெல்லாம் நல்ல சொல் இருந்தது. பிள்ளை தின்றால் தின்பண்டம். கோழியும் மாடும் தின்றால் தீனி. பிறகு எவரோ ஒரு புண்ணியவான் 'நொறுக்குத்தீனி' என்று சொல்லி, பிள்ளையையும் கோழியையும் ஒரே தொட்டியில் உட்கார வைத்துவிட்டார். கடை அலமாரியைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான் என்று படுகிறது.

பிள்ளைகள் உறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலேயே இருக்கும். எடுத்துத் திருப்புங்கள். உள்ளே போட்ட பொருட்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முன்பக்கம் மாம்பழம் வெட்டி வைத்திருக்கும். பின்பக்கம் முதல் பெயர் சர்க்கரை. மாம்பழம் எங்கே என்று தேடினால் கடைசி வரியில் 'மணமூட்டி' என்று ஒதுங்கி நிற்கும். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால் முதலில் அடிக்குறிப்பைப் படி என்பார், கம்பெனி மறைக்க நினைப்பது அங்கேதான் இருக்கும் என்று. அதே பாடம்தான். முன்பக்கத்திலேயே அரை ஸ்டாரிலிருந்து ஐந்து ஸ்டார் வரை போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல் ஒரு வரைவு வெளியிட்டது. ஸ்டாரா, எச்சரிக்கையா என்று அப்போதிருந்து வாதம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. எத்தனை தலைமுறை அம்மாக்கள் அந்த ஒரு தலைப்பை நம்பிப் பாலைக் கலக்கினார்கள்!

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் பெருமூச்சு விடுவது கேட்கிறது. 'அந்தக் காலத்துப் பெட்டிக்கடை, கண்ணாடி பாட்டில், தேன் மிட்டாய், கமர்கட்...' எனக்கும் நாக்கில் ஊறத்தான் செய்கிறது. ஆனால் நம்முடைய பாட்டில் மிட்டாய்க்கு முன்பக்கம் பொய் சொல்லவில்லை என்றால், காரணம் அதற்கு முன்பக்கமே கிடையாது என்பதுதான். பின்பக்கமும் கிடையாது. என்றைக்குச் செய்தது, எந்தச் சாயம், யாருக்குத் தெரியும்? 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததே, ஏன்? ரோடமின் பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். திருவிழாவில் தோளில் உட்கார வைத்து வாங்கிக் கொடுத்தோமே, அந்த ரோஸ் நிறம்!

நம் ஊர்ச் சரக்கு எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது. உள்ளே பால், சீனி; இரண்டே பெயர். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020ல் வாங்கியது. கடலை, வெல்லம் என்று அதுவும் சின்னப் பட்டியல்தான். சாத்தூர்ப் பக்கம் கருப்பட்டி மிட்டாய் பிழிவதைக் கடை வாசலிலேயே நின்று பார்க்கலாம்; மாவு கண்ணெதிரே, எண்ணெய் கண்ணெதிரே, பாகு கண்ணெதிரே. இவற்றுக்கு விமர்சகன் தேவைப்படாது. ஆனால் யாருக்கு என்ற கேள்வி இவற்றிலும் உண்டு. நாலு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக்கடலை மூச்சுக் குழாயில் போய் நிற்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். மணிக்குப் பால்கோவா வயிற்றைக் கலக்கிவிடும். திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது. வெங்காயம் ரத்தத்துக்கு ஆகாது. சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் வரும் சைலிட்டால், சாக்லேட்டைவிட மோசம். கோழி எலும்பைச் சமைத்த பிறகு போட்டால் சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாம் அதை 'நாய்க்குன்னே எடுத்து வச்சேன்' என்று பாசத்தோடு போடுவோம்.

பாசத்தைப் பற்றிப் பேசினால் எங்கள் சிவகாசிச் சரக்கை விட முடியாது. பட்டாசும் பிள்ளைகளுக்கான தின்பண்டம்தான், வாயில் போடுவதில்லை, அவ்வளவுதான். கடைசிக் குழந்தைக்கு, சத்தம் பயப்படுகிற குழந்தைக்கு, நாம் எதை எடுத்துக் கொடுப்போம்? பாம்பு மாத்திரை. வெடிக்காது, சுடாது, நாயும் மிரளாது. அன்றைக்கும் மணியை உத்தேசித்து நான் பாம்பு மாத்திரைதான் வாங்கிப் போயிருந்தேன். 2016ல் புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் பட்டாசுகளின் புகையை வகைவாரியாக அளந்தது. சரவெடி, புஸ்வாணம், சங்கு சக்கரம் எல்லாவற்றையும் தாண்டி, நுரையீரலின் ஆழம் வரை போகிற நுண்துகள் அதிகம் வந்தது பாம்பு மாத்திரையில். சில நொடிதான் எரியும். அந்தச் சில நொடியும் குழந்தை குத்துக்காலிட்டு, முகத்தை அதன் மேல் கவிழ்த்துக்கொண்டு பார்க்கும். பாம்பு வளர்வதைக் கிட்டே போய்ப் பார்க்காமல் எப்படி?

அந்த டப்பாவின் முன்பக்கத்திலும் ஒரு குழந்தை சிரித்துக் கொண்டிருந்தது. பட்டாசு லேபிள்களில் அந்தச் சிரிக்கிற குழந்தையைச் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன். அந்த நாளில் அதை ஒட்டிய கை யாருடையது என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். 1986ல் சட்டம் வந்து தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் பதினாலு வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்றது. 1990ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படமே எடுத்தார். 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட், விதியை மீறி வேலைக்கு வைத்தால் குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. பெரியப்பா பிரஸ்ஸில் அடித்த லேபிள் அந்தப் பிள்ளைகளிடம்தான் போனது. அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. டவுன்காரப் பிள்ளையான எனக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பை நிறையப் பட்டாசு வந்தது. முன்பக்கம் பார்த்தேன், வெடித்தேன்.

பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போனேன். இந்த முறை ஜாக்கிரதையாக எதுவுமே வாங்கவில்லை. பையனிடம் இருபது ரூபாய் கொடுத்து, "உனக்கும் மணிக்கும் நீயே பார்த்து வாங்கிக்கோ" என்றேன். தங்கச்சி என்னை முறைத்தாள்.

பையன் ஓடிப் போய் நாலு பாக்கெட் பிஸ்கட்டோடு வந்தான். மூன்று தனக்கு, ஒன்று மணிக்கு. பாதிக்குப் பாதி என்கிற கொள்கையைத் திருத்தம் செய்துவிட்டான் போலிருக்கிறது. பாக்கெட்டைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினான். "இதில சாக்லேட் இல்ல மாமா. கடையிலயே பின்னாடி பூராம் படிச்சுட்டேன். திராட்சையும் இல்ல. நீங்களும் ஒருக்கப் படிங்க."

வாங்கித் திருப்பினேன். பொடி எழுத்து. கண்ணாடியைச் சென்னையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கையைத் தள்ளி நீட்டிப் பார்த்தேன், வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன். மணி என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீயே வாசிடா" என்றேன்.